கிட்டார்காரன் காதும் மைக்கின் காதும்

ஃபெண்டர் கம்பெனியின் ட்வின் ரிவெர்ப் என்ற கிட்டார் ஆம்ப்பின் (ஆம்ப்ளிஃபையரின்) எடை 29 கிலோ. ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் இதைக் 'காம்போ' என்பார்கள். தூக்கிப் போக வசதி என்பதுதான் அதன் பெருமையே. லிஃப்ட் இல்லாத கல்யாண மண்டபத்தின் மாடி ஹாலுக்கு அதை ஒருமுறை ஏற்றியவர்களிடம் அந்த வசதியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 2019-ல் அதே கம்பெனி, தோற்றத்தில் ட்வின்னைப் போலவே இருக்கும், ஆனால் உள்ளே ஒரு வால்வுகூட (பழைய ரேடியோக்களில் இருக்கும் கண்ணாடிக் குழாய்) இல்லாத டிஜிட்டல் பெட்டி ஒன்றை இறக்கியது. அது 15 கிலோ. வால்வு ஆம்ப்பின் பெயரால் வளர்ந்த கம்பெனியே இப்படி இறங்கிவிட்டதா என்று அன்றைக்குப் பல கிட்டார்காரர்களுக்கு வருத்தம். எனக்கும்தான்.

இன்று நான் கச்சேரிக்கு எடுத்துப் போவது ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் என்ற மாடலர், அதாவது வால்வு ஆம்ப்களின் ஒலியைக் கணக்குப் போட்டு உண்டாக்கும் டிஜிட்டல் பெட்டி. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. கிட்டார் பையின் முன் ஜிப்புக்குள் போய்விடுகிறது. பார்ப்பவர்கள் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "வால்வு சவுண்டு அப்படியே வருதா?" வருகிறது என்றும் சொல்லலாம், வரவில்லை என்றும் சொல்லலாம். கேட்பவர் எங்கே நின்று கேட்கிறார் என்பதைப் பொறுத்த விஷயம் அது. பல வருடம் வால்வைக் கட்டிக்கொண்டு அழுத பிறகு எனக்குப் புரிந்தது இவ்வளவுதான், மீதியெல்லாம் இதற்கு விளக்கம்.

இவ்வளவு பெரிய ஆம்ப்கள் ஏன் பிறந்தன என்பதிலிருந்து தொடங்குகிறேன். லண்டன் ஹான்வெல்லில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவருடைய ஆட்களும் 1962-ல், ஃபெண்டரின் பாஸ்மேன் என்ற ஆம்ப்பின் சர்க்யூட்டை ஒட்டித் தங்கள் முதல் ஆம்ப்பைச் செய்தார்கள். மூன்றே வருடத்தில் தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் இன்னும் சத்தம் வேண்டும் என்று கேட்க, 100 வாட் மார்ஷல் வந்தது. ஏன் கேட்டார்? அந்தக் காலத்தில் மேடையின் ஒலிபெருக்கி அமைப்பு பாடுகிறவர் குரலுக்கு மட்டும்தான். கிட்டார் கடைசி வரிசைவரை போக வேண்டுமென்றால் கிட்டார் ஆம்ப்தான் கத்தியாக வேண்டும். 1965 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் 55,000 பேருக்கு மேல் கூடிய கூட்டத்துக்கு முன்னால் பீட்டில்ஸ் வாசித்தபோது, வாக்ஸ் கம்பெனி அவர்களுக்கென்றே செய்த 100 வாட் ஆம்ப்கள் மேடையில் இருந்தன. கூட்டத்தின் அலறலுக்கு முன்னால் அதுவும் எடுபடவில்லை.

இன்றைக்கு நம் ஊர் ரிசப்ஷன் கச்சேரியில்கூட இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு ஸ்பீக்கர் அடுக்கி வைத்திருக்கிறார்கள். டிரம்முக்கு மட்டுமே ஏழெட்டு மைக். கடைசி வரிசைக்குச் சத்தத்தைக் கொண்டுபோகும் வேலை ஆம்ப்பின் கையைவிட்டுப் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் நாங்கள் அதைச் சுமந்துகொண்டேதான் இருந்தோம்.

ஏன் சுமந்தோம்? அதற்கும் நியாயம் உண்டு. அதை வாசித்துப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கிட்டார் கம்பியின் அதிர்விலிருந்து வருவது மிகச் சிறிய மின்சாரம். அதை 12ஏஎக்ஸ்7 என்ற விரல் அளவு வால்வுகள் படிப்படியாகப் பெரிதாக்கி, கடைசியில் 6எல்6, ஈஎல்34 மாதிரி பெரிய வால்வுகளிடம் கொடுக்கும். தாங்கும் அளவைத் தாண்டி அனுப்பினால் அலையின் முகடு தட்டையாகிவிடும். அதுவும் கத்தியால் நறுக்கியதுபோல் திடீரென்று ஆகாது, கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கும். மழுங்கும்போது மூல சுரத்தோடு புதிய மேல் சுரங்கள் சேர்ந்துகொள்கின்றன. ராக் கிட்டாரின் கரகரப்பு அதுதான். மெதுவாக மீட்டினால் சுத்தமாக இருக்கும், கொஞ்சம் அழுத்தினால் கரகரக்கும். கிட்டாரில் உள்ள வால்யூம் குமிழை ஐந்துக்கு இறக்கினால் ஒரு வாத்தியம், பத்துக்கு ஏற்றினால் இன்னொரு வாத்தியம். மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கவும் வால்வையே வைத்த பழைய ஆம்ப்களில் இன்னொரு ருசி. பல கம்பிகளைச் சேர்த்துப் பலமாக ஒரு கார்டு அடித்தால் உள்ளே வோல்டேஜ் ஒரு கணம் தொய்ந்து, பிறகு ஏறும். சத்தமும் கூடவே அமுங்கி எழும். விரலுக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவே பேச்சுவார்த்தை நடப்பதுபோல் இருக்கும். இந்த மோகம் வந்தவனிடம் எடையைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

சிக்கல் என்னவென்றால், இதெல்லாம் நடக்க ஆம்ப் கத்த வேண்டும். பெரிய வால்வுகள் திணற ஆரம்பிக்கும் இடத்தில்தான் ருசி ஆரம்பம். நான் வைத்திருந்தது 40 வாட் காம்போ. வால்யூம் ஐந்தில் வைத்தால் சொர்க்கம், ஆனால் ஐந்தில் வைக்க இந்த ஊரில் ஒரு இடமும் கிடையாது. 20 வாட் வாங்கினால் பாதிச் சத்தம்தானே என்று கேட்காதீர்கள், வாட் பாதியானால் குறைவது வெறும் 3 டெசிபல். காதுக்குப் பாதியாகத் தெரிய வேண்டுமென்றால் பத்தில் ஒரு பங்காக்க வேண்டும். மேடைகளில் என் ஆம்ப் இரண்டைத் தாண்டியதே அபூர்வம். சவுண்ட்காரர்கள் விடமாட்டார்கள். ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அண்ணே, உங்க ஆம்ப் முன்வரிசைல உக்காந்திருக்கற தாத்தாவுக்கு மட்டும்தான் கேக்குது. பந்திக்கு நிக்கறவங்க வரைக்கும் நான்தான் குடுக்கணும். அவரு பாவம்ணே, கொறைங்க."

அவர் சொன்னது விளையாட்டுக்கு அல்ல. கிட்டார் ஸ்பீக்கரின் மேல்சுருதி ஒலி டார்ச் வெளிச்சம்போல் நேராகத்தான் பாயும். ஆம்ப் தரையில் இருக்கும், அதன் வெளிச்சம் என் முழங்காலில் படும், என் காது அதற்கு நாலடி மேலே. எனக்கு மந்தமாகக் கேட்கிறதே என்று ட்ரெபிளை ஏற்றுவேன். அது நேராகப் போய் முதல் வரிசைத் தாத்தாவைக் குத்தும். ஸ்பீக்கருக்கு ஒரு அங்குலம் முன்னால் தொங்கும் ஷூர் எஸ்எம்57 மைக்குக்கும் அதே குத்தல்தான் போகும், அதிலிருந்து மண்டபம் முழுவதற்கும். எனக்கு மட்டும் இதமாக இருந்த அந்த ஓசையை வேறு யாருமே கேட்டதில்லை.

வால்வு ஆம்ப்பைப் பராமரிக்கும் கதை தனி. சாயங்காலம் மண்டபத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போது வோல்டேஜ் ஆடும் ஆட்டத்தில், மற்றவர்கள் சாப்பாடு எப்போது என்று பார்த்துக்கொண்டிருக்க, நான் ஆம்ப்பின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்த 120 வோல்ட் ஆம்ப் என்றால் கூடவே ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அது தனியே சில கிலோ. ரிச்சி தெருப் பக்கம் பழைய வால்வு ரேடியோக்கள் பார்த்துவந்த ஒரு பெரியவர்தான் என் ஆம்ப்புக்கும் வைத்தியர். முதல் நாளே எச்சரித்தார்: "தம்பி, பிளக்கைப் புடுங்கிட்டோம்னு உள்ள கைய விட்டுறாத. கெப்பாசிட்டர்ல 400 வோல்ட்டுக்கு மேல நிக்கும். அது ரேடியோவா ஆம்ப்பான்னு எல்லாம் பார்க்காது." அவர் கற்றுக்கொண்ட காலத்தில் பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமே வால்வு செய்துகொண்டிருந்தது. இப்போது கிட்டார் வால்வு என்றால் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா. எத்தனையோ பிராண்ட் பெயர்கள் இருந்தாலும் சோவ்டெக், துங்-சோல், எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் எல்லாம் ரஷ்யாவின் சரடோவ் நகரில் ஒரே தொழிற்சாலையில் பிறப்பவை. 2022 மார்ச்சில், உக்ரைன் போர் தொடங்கிய கையோடு, ரஷ்யாவின் ஏற்றுமதித் தடையில் அவையும் மாட்டின. பிறகு வரத்து திரும்பினாலும் விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. எங்கேயோ நடக்கும் போருக்கு நான் என் 6எல்6 ஜோடியை எண்ணி எண்ணி வாசிக்க வேண்டி வந்தது.

இத்தனைக்கும் மாடலர் பக்கம் போகாமல் இருந்ததற்குக் காரணம், பழைய மாடலர்களைக் கேட்டிருந்ததுதான். லைன் 6 கம்பெனியின் பாட் 1998-ல் வந்தது. சிவப்பு நிறத்தில் சிறுநீரக வடிவம். வீட்டில் ஹெட்ஃபோன் போட்டு வாசிக்க வரப்பிரசாதம். மேடையில் கொசு பாடுவதாகத்தான் எனக்குக் கேட்டது. காரணங்களில் இரண்டைச் சொல்லலாம். டிஜிட்டலில் ஒலியை நொடிக்கு 48,000 தடவை மாதிரி எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போது 24,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் குறிக்க முடியாது. ஆனால் கரகரப்பு உண்டாக்கும்போது பிறக்கும் மேல் சுரங்கள் அந்த எல்லையை அலட்சியமாகத் தாண்டும். தாண்டியவை மறைந்துபோவதில்லை. மடங்கிக் கீழே வந்து, வாசிக்கும் சுரத்துக்குச் சம்பந்தமே இல்லாத அபசுரங்களாக நிற்கும். உள்ளே பல மடங்கு வேகத்தில் மாதிரி எடுத்துக் கணக்குப் போட்டால் இதை அடக்கலாம். அதற்கு அன்றைய சிப்களுக்குப் பலம் பற்றவில்லை.

இரண்டாவது ஸ்பீக்கர். எங்களில் பலர் ஆம்ப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம், ஆனால் கிட்டார் ஒலியில் பெரும்பங்கு ஸ்பீக்கருடையது. 12 அங்குலக் கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸ் தாண்டியதும் சரிந்துவிடும். அந்தச் சரிவு இல்லாமல் கரகரப்பைக் கேட்டால் தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி இருக்கும். பழைய மாடலர்கள் அந்த இடத்தை ஏதோ ஃபில்டர் வைத்து ஒப்பேற்றின. பிறகு வந்த ஐஆர் (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்) முறை, ஒரு நிஜ ஸ்பீக்கர் பெட்டியும் அதன் முன்னால் வைத்த மைக்கும் கண நேர ஒலித்துடிப்பு ஒன்றுக்கு எப்படி எதிரொலிக்கின்றன என்பதைப் பதிவு செய்து, நாம் வாசிப்பதன் மேல் அப்படியே கணக்கிட்டு ஏற்றிவிடுகிறது. பதிவின் நீளம் இருபதிலிருந்து நாற்பது மில்லி நொடிதான். எனக்கு மாடலர்மேல் நம்பிக்கை வந்தது இந்த ஐஆரால்தான், ஆம்ப் பகுதியால் அல்ல.

ஆம்ப் பகுதியும் சும்மா இருக்கவில்லை. 2006-ல் ஃபிராக்டல் ஆடியோவின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், 2011-ல் ஜெர்மனியிலிருந்து கெம்பர், 2015-ல் ஹெலிக்ஸ். இவற்றுக்குள் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, சர்க்யூட்டின் ஒவ்வொரு ரெசிஸ்டரையும் வால்வையும் சமன்பாடாக எழுதிவிடுவது. ட்ரெபிள் குமிழைத் திருப்பினால் நிஜ ஆம்ப்பில் மிடில் எப்படிக் கூடவே நகருமோ அப்படியே இதிலும் நகரும். இன்னொன்று கெம்பரின் வழி. ஆம்ப்புக்குள் என்ன இருந்தால் என்ன, பரிசோதனை ஒலிகளை உள்ளே அனுப்பி வெளியே வருவதைக் கேட்டு அதன் குணத்தைப் பிடித்துவிடுவது. குமிழ்கள் இருந்த ஒரே நிலைதான் அதில் சிக்கும், ஆனால் அந்த ஒரு நிலை பிரமாதமாகச் சிக்கும். ஸ்டீவன் அட்கின்சன் என்பவர் செய்த நியூரல் ஆம்ப் மாடலர் இந்தப் பிடிக்கும் வேலையைச் செயற்கை நரம்பு வலையிடம் ஒப்படைத்தது. திறந்த மூலம், காசும் கிடையாது. கெம்பரை வாங்கப் பணம் சேர்த்தவர்கள் வயிற்றெரிச்சல் படலாம்.

கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இதெல்லாம் பழைய சண்டை. எழுபதுகளின் இறுதியில் பெங்களூரில் ராஜ் நாராயண் மின்னணு சுருதிப் பெட்டி செய்தார். தம்புராவின் பாலத்தில் வைக்கும் நூலிழை எழுப்பும் ஜீவாவை ஒரு டப்பா எழுப்புமா என்று அன்றைக்குக் கேட்டார்கள். கேட்டவர்கள் சொன்னது தவறே அல்ல, அந்த நூலிழை செய்வதும் மூல சுரத்தின் மேல் மேல் சுரங்களை முளைக்கவைப்பதுதான். ஆனாலும் டப்பா ஜெயித்தது. ரயிலில் தம்புராவை ஏற்றி இறக்கியவர்களும், அதைப் போட ஆள் கிடைக்காமல் தவித்தவர்களும் சேர்ந்து அதை ஜெயிக்கவைத்தார்கள். இப்போது பல வீடுகளில் சாதகத்துக்கு ஃபோனில் ஒரு ஆப்தான். அதே வித்வான் சபா மேடையில் தம்புரா வைத்துக்கொள்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

மாடலரோடு முதல் ஒத்திகைக்குப் போனபோது எனக்குக் குறைந்தது ஒலி அல்ல, காற்று. பின்னால் நின்று கால்சட்டையை ஆட்டும் அந்தக் காற்று. ஆம்ப்பை நோக்கித் திரும்பி நின்றால் ஸ்பீக்கரின் ஒலி கம்பியை மறுபடி அதிரவைத்து ஒரு சுரம் நிற்காமல் பாடும். மானிட்டரை (வாசிப்பவர் தன்னைக் கேட்க வைத்துக்கொள்ளும் ஸ்பீக்கரை) சின்னதாக வைத்துக்கொண்டு மாடலரில் அது சுலபத்தில் வராது. இயர்ஃபோன் போட்டுக்கொண்டு வாசித்தால் வரவே வராது. டிரம்மர் தன் முதுகில் கிட்டாரை உணர்ந்து வாசித்தவர், அவருக்கும் ஏதோ இழந்த முகம். தாமதம் இருக்குமே என்று பேஸ் வாசிப்பவர் கேட்டார். மாடலரின் தாமதம் இரண்டு, மூன்று மில்லி நொடி. ஒலி மூன்று மீட்டர் காற்றில் வருவதற்கே ஒன்பது மில்லி நொடி ஆகும். ஆம்ப்பிலிருந்து பத்தடி தள்ளி நின்று வாசித்த காலத்தில் அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

பிறகு சவுண்ட்காரரின் மேஜைக்குப் போய், நான் முன்பே வாசித்துப் பதிந்துவைத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்ட லூப்பை அங்கே நின்று கேட்டேன். கிட்டார் கிட்டாராக இருந்தது. குத்தவில்லை, பாடகர் குரலை மறைக்கவில்லை, வயலினுக்கு இடம் விட்டிருந்தது. மாடலரும் ஐஆரும் பிடித்துவைத்திருப்பது ஆம்ப்பை அல்ல, மைக் கேட்ட ஆம்ப்பை. இசைத்தட்டில் கேட்கிற பாட்டுகளிலெல்லாம் நாம் ரசித்ததும் மைக் கேட்ட ஆம்ப்பைத்தான். வால்வு ஆம்ப்போடு நின்ற காலமெல்லாம் நான் ஒன்றைக் கேட்டேன், மண்டபம் வேறொன்றைக் கேட்டது. இப்போது இரண்டு பேரும் ஒன்றையே கேட்கிறோம். எனக்குச் சுகம் குறைந்திருக்கிறது, மண்டபத்துக்குக் கூடியிருக்கிறது. சம்பளம் கொடுப்பது மண்டபம்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. ராத்திரி வீட்டில் மெல்லிய சத்தத்தில் உட்கார்ந்து மாடலரில் ஒரு ஒலிக்கான அமைப்புகளைச் சேர்த்துவைக்கும் 'பேட்ச்' ஒன்றைப் பிரமாதமாகச் செய்வார்கள். மேடையில் போட்டால் கீழே குமுறும், மேலே கீறும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே காட்டிவிட்டார்கள், சத்தம் குறையும்போது நம் காதுக்கு அடித்தொனியும் உச்சத்தொனியும் நடுத்தொனியைவிட அதிகமாகக் குறைந்து தெரியும் என்று. அதை ஈடுகட்ட வீட்டில் இரண்டையும் ஏற்றுவோம், மேடைச் சத்தத்தில் இரண்டும் வீங்கிவிடும். மேடை அளவுச் சத்தத்தில் வைத்துத்தான் பேட்ச் செய்ய வேண்டும். முடியாதென்றால் நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் ஏழாயிரத்துக்கு மேலேயும் வெட்டிவிட்டு, நடுவைத் தொடாமல் விடுங்கள். அறையில் தனியாகக் கேட்க அது அசிங்கமாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, நூறு ஆம்ப் உள்ளே இருக்கிறதே என்று நூறையும் திறந்து பார்க்கும் வியாதி. நான் மூன்றே ஒலிகளோடு நிறுத்திக்கொண்டேன்: சுத்தம், கொஞ்சம் கரகரப்பு, சோலோ. பாட்டுக்கு ஒரு பேட்ச் வைத்திருக்கும் நண்பர்களைப் பார்க்கிறேன், பல்லவி முடிந்து சரணம் வரும்போது அவர்கள் கண் கிட்டாரில் இருப்பதில்லை, திரையில் இருக்கிறது.

மாடலருக்கு எதிராக என்னிடம் மிச்சமிருக்கும் ஒரே வாதம் ரிப்பேர். 1965-ன் ட்வின் ஒன்று இன்று கெட்டுப்போனால் அந்தப் பெரியவர் மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் வைத்துக்கொண்டு ஒரு மதியத்தில் எழுப்பிவிடுவார். உள்ளே இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பாகங்கள். என் மாடலரைத் திறந்து காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "இது நம்ம சாதி இல்ல தம்பி, மூடிரு" என்றார். உள்ளே இருக்கும் சிப் போனால் பெட்டியே போனது. கம்பெனி அப்டேட் தருகிறவரை மரியாதை. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும், ஆறு எஃபெக்ட் மட்டும் தாங்கும் என்று விற்ற இதே பெட்டி, 2020-ல் வந்த ஓர் அப்டேட்டில் காசில்லாமல் எட்டைத் தாங்க ஆரம்பித்தது. வால்வு ஆம்ப் எதுவும் வாங்கிய பிறகு வளர்ந்ததில்லை. ஆனால் அறுபது வருடம் கழித்து இதை யாராவது ஆன் செய்வார்களா என்று கேட்டால், மாட்டார்கள் என்றுதான் சொல்வேன்.

40 வாட் காம்போவை விற்கவில்லை. கேட்டு வந்தவர்கள் சொன்ன விலைக்கு அதற்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்களைக்கூடக் கொடுக்க மனம் வரவில்லை. வேறொரு வேலை இருக்கிறது. நியூரல் ஆம்ப் மாடலரில் அதை ஒருமுறை பிடித்து வைத்தேன், ஒரு ஃபோட்டோவைவிடச் சின்ன ஃபைல். வீட்டில் எடுத்ததால் வால்யூம் இரண்டில்தான் எடுக்க முடிந்தது, பக்கத்து ஃபிளாட்டில் கைக்குழந்தை. நான் ஆசைப்பட்டு மேடையில் ஒருநாளும் வாசிக்கக் கிடைக்காத ஐந்து அந்த ஃபைலில் இல்லை. வளசரவாக்கத்தில் ஒத்திகை அறை வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு வார நாள் மதியம் கேட்டிருக்கிறேன். இந்த 6எல்6 ஜோடி சாவதற்குள் மூன்று, ஐந்து, ஏழு என்று எடுத்துவிட வேண்டும். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கூட வருகிறேன் என்று டிரம்மர் சொல்லியிருக்கிறார்.